தலையெழுத்தும் கையெழுத்தும்

பிரமன் எழுதிய தலையெழுத்தை எவராலும் அழிக்க முடியாது என்று ஓயாமல் ஓதப்பட்ட நாடு இது. அதே நாட்டில், ஐந்து வயதுப் பிள்ளை மணலில் எழுதிய எழுத்து நாள்தோறும் அழிக்கப்பட்டு, நாள்தோறும் மறுபடி எழுதப்பட்டு வந்தது. கண்ணால் கண்டறியாத எழுத்துக்கு அஞ்சி வாழ்ந்தவர்கள், கைவிரலால் எழுதிய எழுத்தின் ஆற்றலை எண்ணிப் பார்க்கவில்லை. முன்னது அழியாதது என்றனர். அதனை அழித்ததோ பின்னதே!

அரசர்கள் நடத்திய போர்களுக்கு ஆண்டுக் கணக்கு வைத்திருக்கிறோம். எந்த மன்னன் எந்தக் கோட்டையை எப்போது பிடித்தான் என்பதை மாணவர்கள் உருப்போடுகின்றனர். ஆனால், 'அ' என்னும் எழுத்து ஒரு குழந்தையின் விரல் நுனிக்கு எப்படி வந்து சேர்ந்தது, எந்தக் குழந்தையின் விரலுக்கு வந்து சேரவில்லை, ஏன் சேரவில்லை என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு என எண்ணுவோர் சிலரே. முதல் வகுப்புப் பிள்ளைகளின் நடுவே நாளெல்லாம் நிற்கும் ஆசிரியராகிய நாம், அந்த வரலாற்றைத் தேடிப் படித்தோம். கோட்டைகளின் வரலாற்றைக் காட்டிலும் அது நமக்குப் பயன்படும் என்பதால் தோழர்கள் முன் வைக்கிறோம்.

அரிசியும் மணலும்

1822 ஆம் ஆண்டு, சென்னை மாகாண ஆளுநராயிருந்த தாமஸ் மன்றோ ஓர் ஆணை பிறப்பித்தார். மாவட்டந்தோறும் பள்ளிகள் எத்தனை, பயிலும் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் எந்த வகுப்பினர் என்று கணக்கெடுத்து அனுப்புமாறு கலெக்டர்களைக் கேட்டார். பலர் எண்களை மட்டும் அனுப்பினர். இன்று கருநாடக மாநிலத்தில் இருக்கும் பெல்லாரியின் கலெக்டர் காம்பெல், 1823 ஆகஸ்டில் அனுப்பிய அறிக்கையில் எண்களோடு பள்ளியின் உள்ளும் புறமும் எழுதி வைத்தார். தெலுங்கும் கன்னடமும் வழங்கிய நிலப்பகுதி அது. எனினும், தமிழகத்துத் திண்ணைப் பள்ளியின் சாயலை அதில் அப்படியே காணலாம்.

பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பியதும், ஆசிரியரும் பள்ளிப் பிள்ளைகளும் அதன் வீட்டுக்கு அழைக்கப்படுவர். கணபதி உருவத்தைச் சுற்றி அமர்வர். புகை காட்டிப் படையல் வைத்துப் பிள்ளையை வேண்டுதல் சொல்ல வைப்பர். பிறகு அதன் விரலைப் பிடித்து அரிசியில் தெய்வப் பெயரை எழுத வைப்பர். பெற்றோர் தம் வசதிக்கேற்பக் காணிக்கை தருவர். மறுநாள் காலையில்தான் உண்மையான கல்வி தொடங்கும்.

முதல் நாள் அரிசி, மறுநாள் மணல்! இந்த இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்க்கவேண்டும். அரிசி சடங்குக்கு, மணல் கல்விக்கு. உண்ண அரிசி இல்லாத வீட்டுக்காரன் எழுத அரிசிக்கு எங்கே போவான்? மணலோ ஆற்றில் கிடக்கிறது. அதற்கு விலையும் இல்லை, சாதியும் இல்லை. எழுத்தைக் கற்பித்தது அந்த விலையில்லாத மணலே. ஆயினும் பெருமை முழுவதும் அரிசிக்கே போயிற்று. எழுத்துப் பாடத்துக்கு 'அரிச்சுவடி' என்ற பெயரே, பாடம் 'ஹரி' என்று தொடங்கியதால் வந்தது என்பர். ஆனால் 'பள்ளி' என்னும் சொல்லோ, சமண முனிவர்களின் இருப்பிடத்தைக் குறித்த சொல். உணவு, அடைக்கலம், மருந்து ஆகியவற்றோடு கல்வியையும் கொடையாகக் கொண்டவர்கள் சமணர்கள். அவர்களுடைய பள்ளியில் வளர்ந்த கல்வியின் நினைவு, சொல்லளவில் இன்றும் நம்மிடம் இருக்கிறது.

மணலில் எழுதுவது எப்படி நடந்தது? ஐரோப்பாவில் எழுத்துகளின் பெயரை முதலில் வாயால் ஒப்பிப்பார்கள், எழுதுவது பின்னால்தான். இங்கோ பிள்ளை தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுதியே எழுத்தை அறிந்துகொண்டது என்று காம்பெல் வேறுபடுத்திக் காட்டுகிறார். விரல் வடிவத்தைப் போடும். வாய் அதன் ஒலியைக் கூவும். கண் இரண்டையும் இணைக்கும். விரல் தேர்ந்தபின் ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். முன்னே படித்த பிள்ளை பின்னே வந்த பிள்ளைக்குக் கற்பிப்பான். அவனே சட்டாம்பிள்ளை.

இதே காட்சியை அதற்கு நூறாண்டுக்கு முன்பே தரங்கம்பாடியில் ஒருவர் கண்டார். கண்டதோடு நில்லாமல் அதில் கலந்தும் கொண்டார். 1706 இல் வந்திறங்கிய செருமானியப் பாதிரியார் சீகன்பால்கு, தமிழ் கற்பதற்காக ஒரு வயதான திண்ணை ஆசிரியரைத் தம் இருப்பிடத்திலேயே பள்ளி நடத்தச் சொன்னார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் 'அ, ஆ' எழுதிப் பழகினார். வந்த நோக்கம் மதம் பரப்புவதாயினும், எழுத்துக்கு முன்னால் அவர் குழந்தையாக அமர்ந்தார் என்பதை மறுப்பதற்கில்லை.

பிரம்பும் கிளியும்

மணலைப் பாராட்டும் நாம் பிரம்பை மறந்துவிட முடியாது. 'பொற்காலம்' என்று சொல்லி எல்லாவற்றுக்கும் பொன்முலாம் பூசுவது பகுத்தறிவாளர் வேலையன்று. காலையில் முதலாவதாகப் பள்ளிக்கு வந்த பிள்ளையின் உள்ளங்கையில் கலைமகள் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வந்தவனுக்குச் சுழி. புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. மூன்றாவதாக வந்தவனுக்கு ஓர் அடி. நான்காவது ஆளுக்கு இரண்டு. அதற்குப் பின் வருகிறவர்க்கு ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகும். இருபதாவதாக வந்தவன் நிலையை எண்ணிப் பாருங்கள்! கலைமகள் ஒரே ஒரு கைக்கு வந்தாள். பிரம்பு பாக்கி எல்லாக் கைகளுக்கும் வந்தது. படிக்காத பிள்ளையை இரு கைகளையும் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவதும் உண்டு. தமிழகத்தில் அதற்குக் 'கோதண்டம்' என்று பெயர்.

பிள்ளைகள் பாட்டுப் பாட்டாக ஒப்பிப்பார்கள். பொருளோ கிளிக்குத் தெரிந்த அளவுகூடத் தெரியாது என்றும் காம்பெல் குறிப்பிட்டார். கற்ற மொழி வீட்டில் பேசிய மொழியாக இல்லாமல், பழைய செய்யுள் மொழியாக இருந்தது அதற்குக் காரணம் என்றார்.

உருப்போடும் பழக்கத்துக்கு நம் தமிழ் ஓலைகளில் இன்னொரு காரணமும் இருந்தது. எழுத்தாணியால் புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும் என்பதால் புள்ளி இடுவதைத் தவிர்த்தனர் என்பர். அதனால் 'க்' என்பதும் 'க' என்பதும் ஓலையில் ஒன்றே. குறில் எகர ஒகரங்களுக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், அந்தப் புள்ளியும் ஓலையில் இல்லை. 'எரி' என்று எழுதியிருக்கிறதா, 'ஏரி' என்று எழுதியிருக்கிறதா? எரி என்றால் நெருப்பு. ஏரி என்றால் நீர்! நெருப்புக்கும் நீருக்கும் வேறுபாடு காட்டாத எழுத்தை வைத்துக்கொண்டு ஐந்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்? நெடிலுக்குரிய காலும் ரகரமும் ஒரே வடிவில் இருந்ததால், 'கா' என்பதும் 'கர' என்பதும்கூடக் குழம்பின. முன்னமே காதால் கேட்டு நெஞ்சில் பதித்தவன்தான் ஓலையைத் தட்டுத் தடுமாறாமல் படிக்க முடியும். எனவே, ஓலை கையில் இருந்தாலும் சாவி ஆசிரியர் வாயில் இருந்தது.

பிள்ளையின் மூளை மந்தமென்று பிரம்பு எடுத்தவர்கள், குறை ஓலையில் இருக்கக்கூடும் என்று எண்ணவில்லை. அச்சு வந்தது, புள்ளியும் நிலைபெற்றது. 1680 இல் இத்தாலியில் பிறந்து, தமிழகத்துக்கு வந்து, 1747 இல் மறைந்த வீரமாமுனிவர், எகர ஒகரங்களின் குறிலுக்கும் நெடிலுக்கும் வெவ்வேறு வடிவம் அமைத்தார். அன்று முதல் எரி வேறு, ஏரி வேறு. ஒரு சிறு கோடும் ஒரு சிறு சுழியும் எத்தனை பிள்ளைகளின் முதுகைக் காப்பாற்றியிருக்கும்!

எழும்பூரிலிருந்து இலண்டனுக்கு

இனி, வரலாற்றில் ஒரு வியப்பான திருப்பத்தைக் காண்போம்.

1787 இல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், 1789 இல் எழும்பூரில் தொடங்கிய படைவீரர் அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகள் அங்கே இருந்தனர். அவர்களில் பலருக்குத் தாய் இந்தியப் பெண். கற்பிக்க வந்தவர்களோ ஆர்வமற்றவர்கள். மாதக் கணக்கில் மன்றாடியும் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்து ஏறவில்லை.

ஒரு நாள் பெல், வழியில் ஒரு திண்ணைப் பள்ளியைக் கடந்து சென்றார். சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்ததைக் கண்டார். தம் பள்ளிக்கு விரைந்தார். மணலைப் பரப்பி எழுத்துக் கற்பிக்கும்படி ஆசிரியரிடம் சொன்னார். அந்த ஆசிரியர் முரண்டு பிடித்தார். நடவாத வேலை என்றார். பெல் அவரை விட்டுவிட்டு, ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அந்த வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். வளர்ந்தவர் முடியாது என்ற வேலையை எட்டு வயதுச் சிறுவன் முடித்துக் காட்டினான்.

1796 இல் இந்தியாவை விட்டுச் சென்ற பெல், 1797 இல் இலண்டனில் இந்தச் சோதனையைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1798 இல் இலண்டனின் சதர்க் பகுதியில் ஜோசப் லங்காஸ்டர் என்னும் இளைஞர் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். அங்கும் மணல் பலகை, அங்கும் சட்டாம்பிள்ளை! நேர்கோட்டு எழுத்துகள், சாய்கோட்டு எழுத்துகள், வளைவெழுத்துகள் என்று வடிவத்தால் வகைப்படுத்தி, எளியதிலிருந்து கடினமானதுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றது அவர் முறை. 1811 இல் ஆங்கிலத் திருச்சபையினர் அமைத்த தேசியச் சங்கம், பெல்லின் முறையைத் தம் பள்ளிகளில் பரப்பிற்று. 'மதராஸ் முறை' என்றே அதற்குப் பெயர். பெல் 1832 இல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளிக்கு 'மதராஸ் கல்லூரி' என்று பெயரிட்டனர். நம் தலைநகரின் பெயர் 1996 இல் சென்னை என்று மாறிய பிறகும், அங்கே அந்தப் பெயர் மாறவில்லை.

இந்த முறைக்குத் தந்தை யார் என்று பெல்லின் ஆதரவாளர்களும் லங்காஸ்டரின் ஆதரவாளர்களும் நெடுங்காலம் சண்டையிட்டனர். தந்தைப் பட்டத்துக்கு இருவர் போட்டியிட்டனர். பெற்றெடுத்த தாயோ, பெயரும் ஊரும் தெரியாமல், சென்னையின் ஏதோ ஒரு தெருவில், மணலைத் தட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தாள்! அந்தத் திண்ணை ஆசிரியரின் பெயரை வரலாறு எழுதி வைக்கவில்லை. மணல் பரப்பும் சிக்கனமும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் ஒழுங்கும் பாராட்டத்தக்கவை. இங்கிலாந்து அவற்றைப் பின்பற்றியது தகும் என்று காம்பெல் மட்டும் நேர்மையோடு எழுதினார்.

பெல்லைப் பாராட்டும்போது அவருடைய மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. மணலில் எழுதவைத்துப் புகழ்பெற்ற அவர், ஏழைகளின் பிள்ளைகள் எல்லாருக்கும் எழுதவும் கணக்கிடவும் கற்பிக்க வேண்டும் என்று தாம் கூறவில்லை எனத் தம் நூலின் பிற்காலப் பதிப்பில் விளக்கம் தந்தார். எல்லாருக்கும் பொதுவாக அறிவைப் பரப்பினால் சமுதாயத்தின் படிநிலைகள் குலையும், உழைக்கப் பிறந்தவர்களின் மனம் தம் நிலைக்கு மேலே உயர்ந்துவிடும் என்று அஞ்சினார். உழைக்கப் பிறந்தவன், ஆளப் பிறந்தவன்! இந்தக் குரல் நமக்குப் பழகிய குரலன்றோ? வருணாசிரமம் வடமொழியில் மட்டும் பேசும் என்று எண்ணியிருந்தோம்; அது ஆங்கிலமும் பேசும் என்பதை இங்கே காண்கிறோம்.

கடலைக் கடந்தது, தெருவைக் கடக்கவில்லை

மணலெழுத்து கடலைக் கடந்துவிட்டது. அது பிறந்த ஊரில் அடுத்த தெருவுக்குச் சென்றதா?

மன்றோ கேட்ட கணக்கு முழுமையாக வந்து சேர்ந்தபின், 1826 மார்ச்சில் அவர் ஒரு குறிப்பு எழுதினார். மாகாணத்தின் மக்கள்தொகை 1,28,50,941. பள்ளிகள் 12,498. பயின்றவர் 1,88,650 பேர். இவர்களில் ஆண் பிள்ளைகள் 1,84,110. பெண் பிள்ளைகள் 4,540. வீட்டில் கற்றவர்களையும் சேர்த்தால், பள்ளி வயது ஆண் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு வகைக் கல்வி கிட்டியிருக்கும் என்பது மன்றோவின் மதிப்பீடு. அக்காலத்து ஐரோப்பாவின் பல நாடுகளோடு ஒப்பிட்டால் இது இழிவான நிலையன்று.

இன்னொன்றும் சொல்லவேண்டும். திண்ணையில் அமர்ந்தவர்கள் பார்ப்பனப் பிள்ளைகள் மட்டுமே என்பது உண்மையன்று. தமிழ் மாவட்டங்களின் பட்டியலில், 'சூத்திரர்' என்று எழுதப்பட்ட வகுப்புகளின் பிள்ளைகளே மிகுதி. கணக்கும் கடிதமும் தேவைப்பட்ட உழவர், வணிகர் வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். நமக்கு உவப்பான செய்தியாயினும், உவர்ப்பான செய்தியாயினும், எண் சொல்வதை எண் சொன்னபடியே ஏற்பதுதான் பகுத்தறிவு.

ஆனால், அதே எண்கள் இன்னொன்றையும் சொல்கின்றன. நூறு பிள்ளைகள் அமர்ந்த இடத்தில் பெண் பிள்ளைகள் மூவருக்கும் குறைவு. பெல்லாரியில் 533 பள்ளிகளில் 6,641 பேர் பயின்றனர். அவர்களில் பெண்கள் 60 பேர்! எழுத்தறிவு பெண்ணின் அடக்கத்துக்கு இழுக்கு, அது ஆடல் மகளிர்க்கே உரியது என்ற எண்ணம் பரவியிருந்ததை மன்றோ பதிவு செய்தார். கல்விக்குத் தெய்வம் பெண்; கற்பதற்குத் தகுதி ஆணுக்கு! கலைமகளைக் கும்பிட்டவர்கள், தம் மகளை அடுக்களைக்கு அனுப்பினார்கள்.

சேரிப் பிள்ளையின் நிலையோ இதனினும் கொடிது. திண்ணை என்பது ஒரு வீட்டின் பகுதி. அந்த வீடு ஒரு தெருவில் இருக்கிறது. அந்தத் தெருவிலேயே நடக்கக்கூடாது என்று விலக்கப்பட்டவனுக்குத் திண்ணை ஏது? மணல் எல்லார்க்கும் பொது; மணல் பரப்பிய இடம் பொதுவன்று. எழும்பூரிலிருந்து இலண்டனுக்கு ஆயிரக்கணக்கான கல் தொலைவு. ஊரிலிருந்து சேரிக்குக் கூப்பிடு தூரம். எழுத்து அந்தத் தொலைவைச் சில ஆண்டுகளில் கடந்தது. இந்தத் தூரத்தைக் கடக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

எப்படிக் கடந்தது? எந்தத் தெய்வமும் இறங்கி வந்து கைபிடித்து அழைத்துச் செல்லவில்லை. 1894 இல் அடையாற்றில் கர்னல் ஆல்காட், ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கென ஒரு இலவசப் பள்ளி திறந்தார். 1920 இல், தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு தந்தது. 1924 இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் விளைவாக, பொதுத் தெருவிலும் சாலையிலும் எவரும் நடக்கலாம், பொதுக் கிணற்றை எவரும் பயன்படுத்தலாம் என்று அரசு அறிவித்தது. பார்ப்பதற்கு இவை தொடர்பற்ற செய்திகள். ஒரு பள்ளி, ஒரு வேளைச் சோறு, ஒரு தெரு. எழுத்துக் கற்பிக்கும் ஆசிரியரைக் கேளுங்கள். மூன்றும் ஒன்றே என்பார். நுழையப் பள்ளி வேண்டும். நடந்து வரத் தெரு வேண்டும். வந்து அமர்ந்த பிள்ளைக்கு, எழுத்தில் கண் நிலைக்க, வயிற்றில் சோறு வேண்டும். 1956 இல் காமராசர் ஆட்சி மதிய உணவை நாடெங்கும் விரித்ததும், 1982 இல் எம்.ஜி.ஆர். ஆட்சி அதனைப் பெருக்கியதும், 2022 இல் அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு வந்ததும் அந்தத் தொடரின் கண்ணிகளே. அரிசி எழுதுவதற்கு வேண்டா. உண்பதற்கு வேண்டும் என்பதை ஆட்சிகள் மெல்ல மெல்ல உணர்ந்தன.

எழுத்தும் திருந்தியது

கற்பவன் மாறினான், கற்பிக்கும் இடம் மாறிற்று. எழுத்து மட்டும் மாறாமல் இருக்கலாமா?

தமிழெழுத்து 247 என்று சொன்னதும் பிள்ளையின் பெற்றோர் மலைப்பர். பிரித்துப் பார்த்தால் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. எஞ்சிய 216 உயிர்மெய்களும் சில துணைக் குறிகளால் ஆனவை. குறியின் ஒழுங்கு பிடிபட்டால் மலை மடுவாகிவிடும். ஒழுங்கு பிறழும் இடந்தான் பிள்ளை தடுக்கி விழும் இடம்.

பழைய எழுத்தில் அத்தகைய இடங்கள் பல. ககரத்துக்கு ஒரு கால் சேர்த்தால் 'கா'. அப்படிப் பதினைந்து மெய்களுக்குக் கால் சேர்த்துப் பழகிய பிள்ளை, ணா, றா, னா என்னும் மூன்றுக்கு வந்ததும், காலை மறந்து எழுத்தையே வளைத்துச் சுழிக்கவேண்டும். ஐகாரக் குறியை மற்ற மெய்களுக்கு முன்னால் போட்டுப் பழகிய பிள்ளை, ணை, லை, ளை, னை என்னும் நான்குக்கு வேறு கொம்பு வரையவேண்டும். ஏன் என்று பிள்ளை கேட்டால் ஆசிரியரிடம் விடை இல்லை. 'அப்படித்தான்' என்பதே விடை. ஐந்து வயதில் கேட்ட முதல் 'ஏன்' என்னும் வினாவுக்கு 'அப்படித்தான்' என்று விடை பெற்ற பிள்ளை, ஐம்பது வயது வரைக்கும் எதைத்தான் ஏன் என்று கேட்கும்?

பெரியார் 1935 இல் தம் 'குடி அரசு' ஏட்டில் இந்தப் பிறழ்வுகளை நீக்கி அச்சிடத் தொடங்கினார். தமிழுக்குக் கேடு என்று கூக்குரல் எழுந்தது. எழுத்து தெய்வத்தன்மை வாய்ந்தது, தொடக்கூடாது என்றனர். ஓலையில் ஒரு வடிவம், கல்லில் ஒரு வடிவம், அச்சில் ஒரு வடிவம் என்று மாறிக்கொண்டே வந்தது தமிழெழுத்து. வட்டெழுத்தை இன்று எத்தனை பேர் படிப்பர்? அவ்வளவு மாறியும் தமிழ் அழியவில்லை. 1978 அக்டோபரில், பெரியாரின் நூற்றாண்டையொட்டி, எம்.ஜி.ஆர். அரசு ஆணை பிறப்பித்தது. ணா, றா, னா. ணை, லை, ளை, னை. ணொ, றொ, னொ. ணோ, றோ, னோ எனும் 13 எழுத்துகள் ஒழுங்குக்கு வந்தன. இன்று முதல் வகுப்பில் 'னா' எழுதும் பிள்ளைக்கு, இதற்காக நாற்பது ஆண்டுக்கு மேல் ஒரு சச்சரவு நடந்தது என்பதே தெரியாது. சீர்திருத்தத்தின் வெற்றி அதுதான்: அது சீர்திருத்தம் என்பதே மறந்துபோகும் அளவுக்கு இயல்பாகிவிடுவது.

மறுபடியும் மணல்

உரோம் நகரின் சான் லொரன்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில், 1907 சனவரியில் மரியா மாண்டிசோரி அம்மையார் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் திறந்தார். உப்புத்தாளில் எழுத்தை வெட்டிப் பலகையில் ஒட்டினார். பிள்ளை அதன்மேல் விரலை ஓட்டும். ஓட்டும்போதே ஒலியைச் சொல்லும். எழுதும் கை முன்னே செல்ல, படிக்கும் கண் பின்னே வரும். உப்புத்தாள் என்பது என்ன? தாளில் ஒட்டிய மணல் போன்றதே! அந்த அம்மையார் 1939 இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். விரலால் தொட்டறியும் எழுத்து, அறிவியலின் துணையோடு, மணலில் எழுதிய ஊருக்கே வந்து சேர்ந்தது. ஒரு வேறுபாடு: இந்த முறை பிரம்பை விட்டுவிட்டு வந்தது.

அந்த முறைகளின் பயனை நாம் வகுப்பறையில் நாள்தோறும் காண்கிறோம். இலக்கண வரிசையில் 'அ' முதலாவது; கையின் வரிசையில் அது கடைசியில் வரவேண்டிய எழுத்து. ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு படுக்கைக்கோடு, ஒரு நெடுங்கோடு என நான்கு வேலைகளைப் பென்சில் பிடிக்கத் தெரியாத பிஞ்சு விரலிடம் ஒரே மூச்சில் கேட்கிறது அது. ட, ப, ம என்று கோட்டெழுத்துகளிலிருந்து தொடங்கினால், முதல் வாரத்திலேயே பிள்ளை 'படம்' என்று எழுதிவிடும். 'மடம்' என்று எழுதிவிடும். எழுத்துக்கு ஒரு பொருள் உண்டு என்று கண்ட அந்தக் கணத்தில் அதன் முகத்தில் தோன்றும் ஒளியைக் காணவேண்டும்! ண, ன, ந என்று தடுமாறும் பிள்ளையும், இடம் வலம் மாற்றி எழுதும் பிள்ளையும் மந்தப் பிள்ளைகள் அல்லர். வடிவங்கள் நெருக்கமாயிருப்பதும், கண்ணும் கையும் இன்னும் இணங்காததும் காரணம். பழகினால் பெரும்பாலும் தெளியும். அப்படியும் தெளியாத பிள்ளைக்கு அடியன்று, தனி உதவியே தேவை.

எழுத்து எவ்வளவு எளிதில் அழியக்கூடியது என்பதையும் அண்மையில் பார்த்தோம். கொரோனா நோய்ப் பரவலால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. தமிழகத்தில் ஒன்று முதல் எட்டாம் வகுப்புக்கான பள்ளிகள் திறக்க 2021 நவம்பர் ஆயிற்று. முதல் வகுப்பையே காணாத பிள்ளைகள் மூன்றாம் வகுப்பை நெருங்கினர். கைப்பேசியும் கற்பிக்கும் பெற்றோரும் வாய்த்த வீட்டில் எழுத்து தங்கிற்று. கூலிக்குச் செல்லும் வீட்டில் மணலில் எழுதியதுபோல் கலைந்தது. அப்போதும் சிலர் சொன்னார்கள்: 'எல்லாம் அதன் தலையெழுத்து!'

இல்லை, தலையெழுத்து எதையும் செய்யவில்லை. மனிதர்கள் செய்தார்கள். 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டம் தொடங்கிற்று. தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் பிள்ளைகளைத் தம் வீட்டருகே கூட்டி வைத்து எழுத்துச் சொல்லித் தந்தனர். திண்ணைப் பள்ளி திரும்பி வந்தது. ஆனால், எந்தத் தெருப் பிள்ளையையும் விலக்காத திண்ணையாக வந்தது. அங்கே ஆசிரியராக அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்! 1826 இன் கணக்கில் நூற்றுக்கு மூவராகக்கூட இல்லாத பெண்ணினம், ஊரின் எழுத்தை மீட்டுக் கொடுத்தது. 2022 இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், முதல் மூன்று வகுப்புகளில் அதே பணியை ஏற்றது.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு நூற்றுக்கு 80.09. ஆண்கள் 86.77, பெண்கள் 73.44. மன்றோவின் கணக்கிலிருந்து இந்தக் கணக்குக்கு வந்த வழி எவ்வளவு நெடிது என்று பெருமிதம் கொள்ளலாம். ஆனால் அந்த இரண்டு எண்களுக்கும் இடையே நிற்கும் பதின்மூன்றைப் பார்த்தபின் பெருமிதத்தைச் சற்று அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும். அந்தப் பதின்மூன்று, நாம் இன்னும் கடக்காத தெரு.

தோழர்களே! ஓலையில் குறை இருந்தது, திருத்தினோம். எழுத்தில் பிறழ்வு இருந்தது, நீக்கினோம். தெரு அடைத்திருந்தது, திறந்தோம். வயிறு காய்ந்திருந்தது, சோறிட்டோம். ஒவ்வொரு முறையும், குறை பிள்ளையிடம் இல்லை என்று மெய்ப்பிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும், அதற்கு முந்தின நாள் வரைக்கும், பிள்ளையின் விதி என்றே சொல்லப்பட்டது. ஆகவே, உங்கள் ஊர்ப் பள்ளியில் 'இவனுக்குப் படிப்பு ஏறாது' என்று எவரேனும் சொன்னால், அதனை நம்பாதீர்கள்; எது குறுக்கே நிற்கிறது என்று தேடுங்கள்.

தேடுவதற்குப் பட்டமும் பதவியும் வேண்டா. மாலையில் ஒரு மணி நேரம் போதும். உங்கள் தெருவில் எழுத்து வசப்படாத பிள்ளை ஒன்று இருக்கும். அதன் பக்கத்தில் அமருங்கள். தரையில் மணலைப் பரப்புங்கள். 'ட' என்னும் எழுத்தில் தொடங்குங்கள். தவறாக எழுதினால் கையால் தடவி அழித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்லுங்கள். அழித்து எழுத முடியும் என்பதை அந்தப் பிள்ளை தன் விரலாலேயே கற்றுக்கொள்ளட்டும். அதனைக் கற்ற பிள்ளையிடம் தலையெழுத்தைப் பற்றி எவரும் பேச முடியாது.